தண்ணீர் வடியவில்லையா? எந்திரத்தைத் திட்டாதீர்கள்!

ஏழாயிரம்பண்ணையில் என் அக்காள் இருக்கிறாள்.

சாத்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. பாளையக்காரர் காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். இன்று தீப்பெட்டியும் பட்டாசும்தான் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

அக்காளும் 20 ஆண்டுகள் தீப்பெட்டி ஆலைக்குப் போனவள்தான். பகல் முழுவதும் தீக்குச்சி அடுக்குவாள். மாலையில் வீட்டுக்கு வந்தால், அங்கணத்தில் பாத்திரங்கள் குவிந்து கிடக்கும்.

இப்போது அவளுக்கு விரல்கள் சரியாக மடங்கவில்லை. மணிக்கட்டில் ஓயாத வலி. அதைப் பார்த்துப் பொறுக்காத மகன், சென்னையில் இருந்து ஒரு எந்திரம் வாங்கி அனுப்பினான். பாத்திரம் கழுவும் எந்திரம்.

சென்ற மாதம் நான் அங்கே போனேன். எந்திரத்தின் மேல் ஒரு துணியை விரித்து, மளிகைச் சாமான் டப்பாக்களை அடுக்கி இருந்தார்கள். அக்காள் அங்கணத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக் கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா, மிஷின் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அது செத்துப் போச்சு தம்பி. கழுவின தண்ணி உள்ளேயே நிக்குது. நாத்தம் தாங்கலை" என்றாள்.

திண்ணையில் இருந்த அத்தான் சும்மா இருப்பாரா?

"நம்ம வீட்டுக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன். யார் கேட்டா?" என்றார்.

உள்ளே கிடந்தது என்ன?

நான் மெக்கானிக் அல்ல. ஆனாலும் டப்பாக்களை இறக்கிவிட்டு, முதலில் மின்சார இணைப்பைத் துண்டித்தேன். கதவைத் திறந்தேன். அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றினேன்.

அடித்தட்டில் ஒரு வடிகட்டி இருந்தது. அதைத் திருகினேன். கையோடு கழன்று வந்தது.

அதற்குள் என்ன இருந்தது தெரியுமா?

கறிவேப்பிலை இருந்தது. கடுகு இருந்தது. புளிச்சக்கை, சோற்றுப் பருக்கை, தேங்காய் நார் எல்லாம் இருந்தன. அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு பூசியது போல் படிந்து இருந்தது.

சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மறுபடியும் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

கழுவி முடித்ததும் தண்ணீர் "குபுகுபு" என்று வெளியே ஓடியது.

ரிப்பேர் கூலி எவ்வளவு? ஒரு காசு கூட இல்லை!

எந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இதில் மந்திரம் எதுவும் இல்லை. குழாய்த் தண்ணீர் எந்திரத்துக்குள் வருகிறது. சூடாகிறது. சுழலும் கைகளில் உள்ள துளைகள் வழியாகப் பாத்திரங்கள் மேல் பீய்ச்சி அடிக்கிறது. அழுக்குத் தண்ணீர் அடியில் உள்ள வடிகட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு சிறிய பம்பு அதைத் தள்ளி, ஓஸ் வழியாக வெளியே அனுப்புகிறது.

ஆகவே, தண்ணீர் வடியவில்லை என்றால் அடைப்பு இருக்கக்கூடிய இடங்கள் நான்கு. வடிகட்டி ஒன்று. பம்பு இரண்டு. ஓஸ் மூன்று. வெளியே உள்ள சாக்கடை நான்கு.

இந்த வரிசையிலேயே பாருங்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகும் தண்ணீர் நின்றால், காது கொடுத்துக் கேளுங்கள். பம்பு "உர்ர்" என்று முனகுகிறது, ஆனால் தண்ணீர் போகவில்லை என்றால், அதில் ஏதோ சிக்கி இருக்கிறது. உடைந்த கண்ணாடித் துண்டாக இருக்கலாம். எலும்புத் துண்டாகவும் இருக்கலாம். இணைப்பைத் துண்டிக்காமல் அங்கே கை வைக்கக் கூடாது. வெறும் விரலால் துழாவவும் கூடாது.

அடுத்தது ஓஸ். எந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது, பின்னால் ஓஸ் மடங்கிவிடும். மடங்கிய ஓசில் தண்ணீர் எப்படிப் போகும்? இன்னொன்றும் உண்டு. ஓசைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கிக் கட்டிய பிறகே கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடைத் தண்ணீரே எந்திரத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

கடைசியாக, ஓஸ் போய்ச் சேரும் அங்கணக் குழியைப் பாருங்கள். அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் எந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. அடைப்பு வெளியே இருக்கிறது. கரிசல் காட்டு ஊர்களில் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். கரிசல் மண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி விட்டால் மட்டும் போதாது.

நுரை வந்தால் ஆபத்து

கையால் விளக்கும் சோப்பையோ, சோப்புத் தண்ணீரையோ இந்த எந்திரத்தில் போடக் கூடாது. உள்ளே நுரை பொங்கும். நுரையைப் பம்பால் தள்ள முடியாது. தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். இதற்கென்று விற்கும் தூளைத்தான் போட வேண்டும்.

அடைப்பை எடுக்கிறேன் என்று அமிலத்தையும் காரத்தையும் ஊற்றாதீர்கள். எந்திரமும் கெடும். கையும் வெந்து போகும்.

வடிகட்டிக்குக் கீழே கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நின்றால் பயப்பட வேண்டாம். அது இருப்பதுதான் வழக்கம். உள்ளே உள்ள ரப்பர் காய்ந்து போகாமல் அது காப்பாற்றுகிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லையா? பம்பில் இருந்து சத்தமே வரவில்லையா? மின்சாரம் அடிக்கிறதா? அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதில் வீரம் காட்ட வேண்டாம்.

சோம்பேறி ஆக்குகிறதா?

அத்தான் அதோடு விடவில்லை. "பொம்பளைகளைச் சோம்பேறி ஆக்குற மிஷின்" என்றார்.

அத்தானைப் போலப் பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

இந்த எந்திரத்தை நல்ல முறையில் உருவாக்கியதே ஒரு பெண்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற அம்மையார் அவர். வேலைக்காரர்கள் கழுவும்போது தன் அருமையான பீங்கான் தட்டுகள் உடைந்து போகின்றனவே என்று வருந்தினார். கணவர் இறந்து, கடன் சுமை தலைமேல் ஏறிய நேரத்திலும் விடாமல் உழைத்தார். 1886-ம் ஆண்டு தன் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்துப் பரிசும் பெற்றார்.

நம் நாட்டில் 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கு வந்தது. நகரங்களில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியவில்லை. அப்போதுதான் பல வீடுகளில் ஆண்களும் அங்கணத்தைப் பார்த்தார்கள்! இந்த எந்திரத்தின் விற்பனையும் கூடியது.

கிணற்றில் மோட்டார் வைத்தோம். ஏற்றம் இறைத்த ஆண்பிள்ளை சோம்பேறி ஆகிவிட்டான் என்று யாராவது சொன்னது உண்டா? இல்லை. உழைத்த உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு என்றுதான் சொன்னோம். அக்காளின் விரல்களுக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

தண்ணீர் வீணாகும் என்பார்கள். அதுவும் சரியல்ல. இன்று கிடைக்கும் பல எந்திரங்களுக்கு ஒரு தடவை நிறைய பாத்திரம் கழுவ, சுமார் 10 லிட்டர் தண்ணீர் போதும். குழாயைத் திறந்து விட்டுக் கையால் விளக்கினால் எவ்வளவு போகும் என்று ஒரு நாள் அளந்து பாருங்கள்.

யார் வேலை அது?

அக்காள் வீட்டில் தவறு எங்கே நடந்தது?

எந்திரம் வந்தது. எச்சிலோடு, கறிவேப்பிலையோடு தட்டுகளை உள்ளே போட்டார்கள். வடிகட்டி என்று ஒன்று இருப்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அடைத்துக் கொண்டதும், பழி எந்திரத்தின் மேல் விழுந்தது. வேலை மறுபடியும் அக்காள் தலையில் விழுந்தது.

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் ஒரு மணல் துகள் கிடக்கலாமா? கூடாது. அது உரசினால் உயிர் போகும். அந்த ஊர் மக்களுக்கு இதை யாரும் கற்றுத் தர வேண்டியது இல்லை. சிறு துகள் பெரிய கேட்டைக் கொண்டு வரும் என்று அறிந்தவர்கள் அவர்கள். வீட்டு எந்திரத்தில் உயிர் போகாதுதான். ஆனால் ஒரு கறிவேப்பிலைக் காம்பு, ஒரு பெண்ணின் ஓய்வைப் பறித்து விடுகிறதே!

கிணற்று மோட்டாரில் தண்ணீர் வரவில்லை என்றால் அத்தான் என்ன செய்வார்? புட்வால்வைத் தூக்கிப் பார்ப்பார். பாசியைத் தட்டிவிட்டு மறுபடியும் இறக்குவார். மோட்டாரை விற்றுவிட மாட்டார். வடிகட்டியும் அப்படித்தான். அதைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

என் கருத்து இதுதான். தின்றவர்கள் தட்டில் உள்ள மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டு எந்திரத்தில் வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள், வீட்டு ஆண்களில் ஒருவர் வடிகட்டியைக் கழுவ வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பையனும் செய்யலாம். மின்சாரத்தை நிறுத்துவதை மட்டும் பெரியவர்கள் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இதை நான் அத்தானிடமும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காள் டெலிபோனில் பேசினாள்.

"உன் அத்தான் வடிகட்டியைக் கழட்டி வச்சுக்கிட்டு, பிரஷ் எங்கேன்னு கத்துறாரு தம்பி" என்றாள்.

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு உங்கள் வீட்டிலும் கேட்க வேண்டுமா?

இன்றே வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்!