கச்சான் விசுக்கோத்து

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வெள்ளவத்தை மாடிவீடுகளிற் பிற்பகல் வேளைகளில் ஒரு புதிய மணம் எழுகின்றது. முன்னாளில் கடையில் வாங்கித் தகரப் பேணியில் அடைத்து, விருந்தினர் வந்தபோது மாத்திரம் வெளியே எடுத்த விசுக்கோத்தை இன்று பிள்ளைகள் தாமே வீட்டிற் சுட்டெடுக்கின்றனர். மேசைமேல் வைக்கத்தக்க சிறிய மின்போறணை பல வீடுகளுக்கு வந்துவிட்டது. விசுக்கோத்து வகைகளுள்ளும், கச்சான் வெண்ணெயிற் பிசைந்து வர்ண இனிப்புத் துண்டுகள் பதித்த அமெரிக்க வகைக்கே மாணவரிடம் மதிப்பு மிகுதி. பீனட் பட்டர் என்று புட்டியில் விற்பதைத்தான் கச்சான் வெண்ணெய் என்கின்றோம். அதனைக் கொண்டு விசுக்கோத்துச் செய்யும் முறையை இப்பகுதியில் எழுதுமாறு நம்மிடம் பயிலும் மாணவியர் சிலர் கேட்டனர். செய்முறை பெரிய காரியமன்று, எழுதிவிடலாம். ஆயின் அதற்கு முன்னே சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அது போறணையைப் பற்றியதன்று, சுளகைப் பற்றியது.

தமிழகத்தார் நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை என்றெல்லாம் வழங்குவதை நாம் கச்சான் என்கின்றோம். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் நம்மவரிடையே அப்பெயரே. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் வாங்காது திரும்பியவர் திருவிழாவுக்குப் போனதாகவே கணக்கில்லை. கொழும்பிலோ காலிமுகத்திடலில் மாலைக் காற்று வாங்குவோர் கையிற் கச்சான் சரை இருக்கும். தின்று முடித்துச் சரையை விரித்துப் பார்த்தால் யாரோ ஒரு மாணவனின் கேத்திரகணித விடைத்தாளாக இருப்பதும் உண்டு. நம்மைப் போன்ற ஆசிரியருக்கு உடனே கை சிவப்புப் பேனாவைத் தேடும்.

இந்தக் கச்சான் நம் நாட்டுப் பயிரன்று. தென்னமெரிக்காவிற் பிறந்தது. அதனை ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரப்பியதிற் போர்த்துக்கேயருக்குப் பெரும் பங்குண்டு. பாண், போறணை, விசுக்கோத்து என்னும் சொற்களையும் அவர்களே நமக்குத் தந்து சென்றனர். இவ்வாறு போறணையும் கச்சானும் நம்மிடம் நெடுங்காலம் இருந்தும், ஒன்றை மற்றொன்றினுள் வைக்கும் எண்ணம் நமக்கு எழவில்லை. கச்சானைச் சீனிப்பாகிலோ சர்க்கரைப்பாகிலோ இட்டு அல்வாவாக்கி மகிழ்ந்திருந்தோம். கச்சான் விசுக்கோத்துப் பெருவழக்கானது அமெரிக்காவிலேதான்.

அங்கே அதனைப் பரப்பியவருள் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் பேராசிரியரின் பெயர் முதன்மையானது. அடிமைத் தாய்க்குப் பிறந்து, அலபாமா மாநிலத்து டஸ்கீகீ கல்லூரியில் விவசாயம் கற்பித்தவர் அவர். ஆண்டாண்டாகப் பருத்தியே பயிரிட்டு மண் வளமிழந்தது. காய்வண்டும் பருத்தியை அழித்தது. மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும் கச்சானைப் பயிரிடுமாறு கார்வர் ஏழைக் கறுப்பின உழவரை வேண்டினார். விளைந்ததை என்ன செய்வது என்று அவர்கள் கேட்பார்களன்றோ? 1916ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூல் கச்சானை உணவாக்க 105 வழிகளைச் சொல்லிற்று. அவற்றுட் கச்சான் விசுக்கோத்தும் உண்டு. கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று பலர் எழுதுவது பிழை. மொன்றியல் நகரத்து மார்செலஸ் எட்சன் என்பார் 1884ஆம் ஆண்டிலேயே கச்சான் பசைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சைவ உணவை வற்புறுத்திய மருத்துவரான கெலொக் 1895ஆம் ஆண்டில் மற்றொரு முறைக்கு விண்ணப்பித்தார். விசுக்கோத்தின் மேல் முள்ளுக்கரண்டியாற் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிடும் வழக்கம் 1930களில் அமெரிக்கச் சமையல் நூல்களிற் காணப்படுகின்றது. அது வெறும் அலங்காரமன்று. இம்மா கனமானது, தானாகப் பரவாது. அமுக்கித் தட்டையாக்கினாலன்றி நடுப்பகுதி வேகாது.

இனி நாம் சொல்லவந்த செய்தி. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் இலட்சத்துக்கு மேல் மடிந்தன. காரணம் புலப்படாமையால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே முதலிற் பெயரிட்டனர். பின்னர் ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கிலே குற்றம் இருப்பதாகத் தெரிந்தது. அப்பிண்ணாக்கில் அஸ்பேர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் படிந்திருந்தது. அப்பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃபிளாரொக்சின் என்று பெயர் சூட்டினர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று உறுதியானவற்றின் வரிசையில் இதனை வைத்துள்ளது. ஈரலே இந்நஞ்சின் முதல் இலக்கு.

வெப்பமும் ஈரமும் கூடிய நாடுகளில் இப்பூஞ்சணம் செழிக்கும். கொழும்பின் காற்றைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. வறுத்தாற் பூஞ்சணம் இறக்கும். அது முன்னரே சுரந்து வைத்த நஞ்சு முற்றாக நீங்காது. போறணையின் சூட்டுக்கும் அஃது அவ்வளவாக அஞ்சுவதில்லை. இதைக் கேட்டுக் கச்சானையே கைவிட வேண்டா. நிறையிற் கால்வாசி புரதமும் பாதியளவு கொழுப்பும் கொண்ட நல்ல உணவு அது. நஞ்சும் ஒரு குவியலிலுள்ள எல்லாப் பருப்பிலும் ஒருபடித்தாகப் பரவியிருப்பதன்று. பெரும்பாலும் சில பருப்புகளிலே செறிந்திருக்கும். அவை சுருங்கியோ, நிறம் மாறியோ, பூஞ்சணம் பிடித்தோ, துளைபட்டோ தம்மைக் காட்டிக்கொடுப்பதும் பெரும்பான்மை. கையாலே பொறுக்கி எறிவதே நஞ்சின் பெரும்பகுதியைக் குறைத்துவிடும் என்பதை ஆராய்ச்சியாளரும் ஏற்கின்றனர்.

ஈண்டுதான் கச்சான் தின்பதற்கும் கச்சான் வெண்ணெய் அரைப்பதற்குமுள்ள வேறுபாடு வருகின்றது. திடலில் அமர்ந்து ஒவ்வொன்றாக உடைத்துத் தின்னும்போது கசப்பான பருப்பு ஒன்று வாயில் அகப்பட்டால் உடனே துப்பிவிடுகின்றோம். நாவே காவலாள். அரைத்துவிட்டாலோ அந்தக் கசப்புப் பருப்பு முந்நூறு நல்ல பருப்புகளோடு கலந்து மறைகின்றது; அதன்மேற் சீனியும் இனிப்புத் துண்டும் சேர்ந்தால் நாவுக்குச் செய்தியே எட்டாது. பெரிய ஆலைகளில் ஒளிக்கருவிகள் பழுதுற்ற பருப்பைப் பிரித்துத் தள்ளுகின்றன. ஆய்வுகூடத்தில் நஞ்சின் அளவையும் பார்க்கின்றனர். வீட்டிலே அக்கருவிகள் இல்லை. ‘வீட்டிற் செய்தது, ஆகவே தூயது’ என்று சொல்லிக்கொள்கிறோமே, கச்சான் வெண்ணெயைப் பொறுத்தவரை அது சுளகில் யாராவது அமர்ந்து பொறுக்கியிருந்தால் மாத்திரமே உண்மையாகும்.

பாட்டிமார் இதனை அஃபிளாரொக்சின் என்ற பெயர் பிறக்குமுன்பே செய்தார்கள். அரிசியாயினும் உழுந்தாயினும் சுளகிலிட்டுப் புடைத்து, வெளிச்சத்தில் வைத்து, விரலாலே தள்ளித் தள்ளிப் பார்த்த பின்னரே அடுப்படிக்குப் போகும். இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீட்டுச் சமையலறையில் மின்னரைவை இயந்திரம் உண்டு, சுளகுதான் இல்லை. அகன்ற வெண்ணிறத் தட்டு அதற்கு ஈடாகும். விசுக்கோத்துக்காக ஆவலோடு நிற்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்களுடைய கூர்ந்த கண்ணுக்கும் பயன் கிடைக்கும்.

முழுப் பருப்பாக, காய்ந்ததாக, புதியதாக 300 கிராம் வாங்கவேண்டும். அரைக்கத்தானே போகின்றோம் என்று உடைந்ததும் சிறுத்ததும் மலிவாக வாங்குவது வேண்டாத சிக்கனம். முதலில் ஒருமுறை பொறுக்குக. பின்னர் தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் கையாலே தேய்த்துத் தோலை நீக்கிப் புடைக்குக. இப்போது பருப்பு இரண்டாகப் பிளக்கும். இரண்டாம் பொறுக்கலே முக்கியமானது. தோல் மறைத்த கறுப்பும் பிளவினுள் ஒளிந்த பூஞ்சணமும் இப்போதுதான் தெரியும். ஐயத்துக்கிடமான பருப்பை எறிவதில் இரக்கம் வேண்டா. மிஞ்சியதை ஒரு சிட்டிகை உப்போடு அரைவை இயந்திரத்திலிட்டு, இடையிடையே நிறுத்தி வழித்துவிட்டு அரைத்தால் முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும், பொறுமை காத்தால் தன் எண்ணெயைத் தானே விட்டுக் குழம்பாகும். தண்ணீர் ஒரு துளியும் சேரக்கூடாது. இவ்வெண்ணெயில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது குற்றமன்று; புட்டியில் விற்பதற் பிரியாதிருப்பது, கொழுப்பை இறுகச் செய்யும் முறையைச் சேர்ப்பதால்.

இந்த வெண்ணெய் 250 கிராமுக்குப் பசுவெண்ணெய் 100 கிராம், சிவப்புச் சீனி 150 கிராம் சேர்த்து நுரைக்க அடிக்கவேண்டும். கோதுமை மா 160 கிராமோடு அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி கலந்து அரித்துச் சேர்க்க. அமெரிக்கர் முட்டை ஒன்றிடுவர். சைவ வீடுகளில் அது வேண்டியதில்லை. கச்சானிலுள்ள புரதமும் கொழுப்பும் மாவைப் பிடித்து நிறுத்தப் போதும்; ஈரத்துக்குப் பால் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி சேர்த்தாற் சரி. விசுக்கோத்து சற்றே உதிரியாக வரும். நமக்கு அதுவே பிடிக்கும். பிசைந்ததை அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காவிட்டாற் கொழும்பு வெயிலில் உருண்டை பிடிபடாது. தேசிக்காயளவு முப்பது உருண்டை வரையில் உருட்டி, முள்ளுக்கரண்டியால் அமுக்கிக் கோடிட்டு, 175 பாகை சூட்டிற் பன்னிரண்டு நிமிடம் வைக்க. எடுக்கும்போது மென்மையாகவே இருக்கும். வேகவில்லையென்று மீண்டும் உள்ளே தள்ளுவோர் பலர். பத்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டால் தானாக இறுகும். போறணை இல்லாதோர் தடித்த பாத்திரத்தில் மணல் பரப்பிக் காயவைத்து, உள்ளே தட்டை உயர்த்திவைத்து மூடி, இருபது நிமிடம் பொறுத்தால் ஆயிற்று. மூடிமேல் தணலிட்டுக் கேக் சுட்ட வீடுகளுக்கு இது புதுமையன்று.

மேலே பதிக்கும் இனிப்புத் துண்டுகள் அமெரிக்காவில் றீசஸ் பீசஸ் என்னும் பெயருடையவை. 1978ஆம் ஆண்டில் வந்த அவை, 1982ஆம் ஆண்டில் வெளியான ‘ஈ.ரி.’ திரைப்படத்தில் வேற்றுலகப் பிராணி ஒன்றைச் சிறுவன் வீட்டுக்கு ஈர்க்கப் பயன்பட்டுப் புகழ்பெற்றன. நம் பிள்ளைகளை ஈர்க்க அவ்வளவு தொலைவு போகவேண்டா. 2022 ஆகஸ்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் நம் அரசாங்கம் சொக்லேட் உள்ளிட்ட பல பொருள்களின் இறக்குமதியைச் சிலகாலம் நிறுத்திவைத்தது. அக்காலத்திலும் கச்சான் அல்வாவுக்குத் தடையில்லை. அல்வாவைப் பட்டாணியளவு துண்டுகளாக நொறுக்கி வைத்துக்கொள்க. மாவினுள்ளே கலந்தாற் பாகு இளகித் தட்டில் ஒட்டும். போறணையிலிருந்து எடுத்த உடனே, விசுக்கோத்து இளகியிருக்கும் அந்தச் சில நிமிடத்திற் பதித்துவிடவேண்டும். பனங்கற்கண்டும் அவ்வாறே, அதன் மணம் கச்சானோடு பொருந்துவதை நாம் மிகவும் விரும்புவோம். கடையில் வாங்கும் வர்ண இனிப்புகளை நாடும் சைவ வீட்டார் உறையைத் திருப்பிப் படிக்கவேண்டும். ஈ 120 என்பது கள்ளிச்செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுக்கும் செந்நிறம்; ஈ 904 என்பது அரக்குப் பூச்சி சுரக்கும் மெருகு. ஜெலற்றின் விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து வருவது. முட்டையை விலக்கிவிட்டுப் பூச்சியைப் பதிப்பானேன்?

வீட்டுக்கு வரும் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் பாடசாலைக்குக் கட்டிக்கொடுக்கும்போதும், கச்சான் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்க. ஒவ்வாமை உடையவருக்குச் சிறு துண்டும் மூச்சை அடைக்கக்கூடும். அது பிடிவாதமோ நாகரிகமோ அன்று. தவழும் குழந்தைகளுக்கும் முழுப் பருப்போ கடினமான அல்வாத் துண்டோ ஆகாது, தொண்டையிற் சிக்கும்.

முற்றாக ஆறியபின் காற்றுப் புகாத பேணியில் அடைத்தால் ஒரு வாரம் நிற்கும். சூட்டோடு அடைத்தால் உள்ளேயே வியர்த்துவிடும். அடுக்குகளுக்கிடையே எண்ணெய்க் கடுதாசி வைப்பது நன்று. காலி வீதிக்குக் கடற்பக்கமாகக் குடியிருப்போர் மூன்றாம் நாளே விசுக்கோத்து மெத்தென்று போனதைக் காண்பர். தட்டிற் பரப்பி ஐந்து நிமிடம் மீண்டும் போறணையில் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். அல்வாத் துண்டு பதித்தவற்றை மாத்திரம் அப்படிச் சூடாக்கவேண்டா. அவற்றை முதலிரண்டு நாளிலேயே தின்றுவிடுக.