சோறு போடுமா என்ற கேள்விக்கு

பதுளைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இலத்திரன்–மூலக்கூறு மோதல் கோட்பாடு சோறு போடுமா என்று கேட்கிறார் நண்பர். (கொழும்புப் பிள்ளைக்கு மட்டும் போடுமோ?) பரிசோதனையில் அளந்தால் போதுமாம், கணக்கெல்லாம் வீணாம்.

ஏப்ரல் பின்னேரம் நமுனுகுலைப் பக்கம் இருட்டினால், கொழுந்தோடு மடுவத்துக்கு ஓடுகிறவர்களிடம் கேட்டிருக்கலாம். மின்னல் தொடங்குவதே இந்த மோதலில்தான். வேகமாக வரும் இலத்திரன் நைதரசனைத் தட்டி இன்னோர் இலத்திரனை உதிர்க்கும். ஒட்சிசனோ சிலதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உதிர்வது முந்தினால்தான் பொறி.

இதற்கு மாபிள் உருண்டைக் கணக்கு உதவாது. சுமார் 2.3 இலத்திரன்வோல்ற்று சக்தியோடு வரும் இலத்திரன் நைதரசனில் ஒரு கணம் தங்கி, அதை அதிரவிட்டுப் போகும். அதைக் கணிக்கும் வழிகளில் ஒன்று ஆர்-அணி முறை. பெரட்டுக்களத்துக்குள் எல்லாரும் எல்லாரோடும் முட்டுவார்கள். வெளியே வந்தால் அவரவர் நிரை. அப்படித்தான் மூலக்கூறைச் சூழ்ந்த உள்வட்டத்துக்கு ஒரு கணக்கு, வெளியே எளிய கணக்கு, எல்லையில் இரண்டையும் பொருத்துவார்கள்.

சரி, அளப்போம். ஐதரொட்சில் போன்ற மூலக்கூற்றுத் துண்டுகள் பிறந்த வேகத்திலேயே வேறொன்றோடு சேர்ந்து தீர்ந்துவிடுகின்றன. இலத்திரனை மோதவிட்டு அளக்க அவற்றைப் போத்தலில் அடைத்து வைக்க நண்பரே வழி சொல்லட்டும்.