கிழித்துப் பார்த்தால் தெரியாது

உணவு படும் பொருள்களின் தயாரிப்பில், எண்ணெய் ஊறாமல் தடுக்கும் பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டு, 60 நாள் கருத்துக் கேட்டது. தடை வேண்டும், அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் எந்தச் சோதனை, எவ்வளவு வரம்பு என்று எதுவும் சொல்லாத அந்த ஒற்றை வரி அப்படியே சட்டமானால், மதுரையில் ஒரு பரோட்டாக் கடையில்கூட அதை அமல்படுத்த முடியாது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் பிளாஸ்டிக் தடையையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் அந்தத் தடையில் அடக்கம். சோதனைக்கு வருகிற அதிகாரி தட்டைக் கிழித்தால் மெல்லிய படலம் உரிந்து வரும், அபராதம் போட்டுவிடலாம். பிஎஃப்ஏஎஸ் சேர்த்த தாளில் உரிக்க எதுவும் இருக்காது. பார்வைக்கு வெறும் காகிதம். எண்ணெய் மட்டும் ஊறாது. பிளாஸ்டிக் போன இடத்துக்குக் காகிதப் பெட்டியும் கரும்புச் சக்கைத் தட்டும் வந்தன. வெளிநாடுகளில் இப்படிப்பட்ட சக்கைக் கிண்ணங்களில்தான் இந்த ரசாயனம் பிடிபட்டது. இங்கே விற்பவை எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. சோழவந்தான் பக்கத்து வாழை இலைக்கு இந்தச் சந்தேகமே கிடையாது. ஆனால் செயலி வழியாக ஆர்டர் எடுக்கும் கடைகள் இலைக் கட்டுக்குத் திரும்பப்போவதில்லை.

பிஎஃப்ஏஎஸ்ஸில் இருக்கும், கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு மிக உறுதியானது. எண்ணெய், தண்ணீர் இரண்டையும் ஒட்டவிடாத குணமும் மண்ணிலும் ரத்தத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் கிடக்கும் குணமும் இந்த ரசாயனங்களுக்கு அதனால் வந்தவை. இவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்கா, குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்றது. நம் குடிநீர்த் தரநிர்ணயத்தில் இதற்கென்று ஒரு வரம்பே வைக்கப்படவில்லை.

வரம்பு இல்லாத நாட்டுக்கு என்ன வந்து சேரும் என்பதை மதுரைக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் கொடைக்கானல் மலைக்கு வந்தது. 2001-இல் அதை மூடியபோது பாதரசம் சோலைக்காட்டு மண்ணில் கலந்திருந்தது. பிஎஃப்ஏஎஸ் கதையும் அப்படித்தான். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் அதைத் தயாரித்து, லட்சக்கணக்கானோரின் குடிநீரைக் கெடுத்த மிட்டெனி நிறுவனம் 2018-இல் திவாலானது. அதன் நிர்வாகிகள் 11 பேரை 2025 ஜூனில் அந்நாட்டு நீதிமன்றம் தண்டித்தது. அந்த ஆலையின் இயந்திரங்களோ, லக்ஷ்மி ஆர்கானிக் குழுமத்தால் ஏலத்தில் வாங்கப்பட்டு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் லோட்டே பரசுராம் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டன. வாங்கியவர்கள் சட்டத்தை மீறியதாகச் சொல்ல முடியாது. இந்த ரசாயனக் குடும்பத்துக்கென்று மீறுவதற்கு ஒரு சட்டம் இருந்தால்தானே!

பெட்டியோடு முடிகிற கதையும் அல்ல இது. சென்னையில் பெருங்குடி குப்பைக் கிடங்கை ஒட்டிய நிலத்தடி நீரிலும் அடையாற்றிலும் செம்பரம்பாக்கம் ஏரியிலும் இந்த ரசாயனங்களை சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சென்னைக்குப் பெருங்குடி போல, மதுரையின் குப்பைக் கிடங்கு அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல். அதன் அருகே அயன்பாப்பாக்குடி கண்மாய் வாய்க்காலில் நுரை மலைபோலப் பொங்கிச் சாலைக்கு வந்த காட்சியை ஊரே பார்த்திருக்கிறது. அந்த நுரைக்கு சோப்புத்தூளே காரணமாக இருக்கலாம். இருந்தாலும் வெள்ளைக்கல்லைச் சுற்றிய கிணற்று நீரையும் கண்மாய் நீரையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிஎஃப்ஏஎஸ்ஸுக்காகச் சோதித்து, முடிவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

வரம்பு வைப்பது ஒன்றும் புதிய வித்தை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஆகஸ்ட் 12 முதல் உணவுப் பொதிகளில் தனித்தனி ரசாயனத்துக்கு 25 பிபிபி (நூறு கோடியில் 25 பங்கு), கூட்டாக 250 பிபிபி, மொத்த ஃபுளோரினுக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்று எண்ணாகவே எழுதிவிட்டது. ஆயிரக்கணக்கான ரசாயனங்களை ஒவ்வொன்றாகத் தேட விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். மொத்த ஃபுளோரினை அளந்து முதல் சல்லடை போடுவது அதைவிட எளிது. மதுரையில் இருக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அந்த வசதியைத் தமிழக அரசு செய்து தர வேண்டும்.

பிஎஃப்ஏஎஸ் வகைப் பூச்சுள்ள நான்ஸ்டிக் தவா இந்த விதிக்குள் வருமா, வராதா என்பதையும் ஆணையம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொதி விதிமுறையில் செய்யும் திருத்தம் என்பதால், தவா நழுவிப்போக வழி இருக்கிறது. கீறல் விழுந்த தவாவைவிட அதன் பூச்சைத் தயாரிக்கும் ஆலைக் கழிவே பெரிய ஆபத்து என்பது நம் எண்ணம். அதற்காகத் தவாவை விட்டுவிட முடியாது.

கடைசியாக, பொறுப்பு யாருக்கு என்பது. பிளாஸ்டிக் தடையில் பூக்கடைக்காரரும் டீக்கடைக்காரரும்கூட அபராதம் கட்டினார்கள். இந்த முறை பிஎஃப்ஏஎஸ் இல்லை என்ற சான்றைத் தாள் ஆலையும் பெட்டி தயாரிப்பாளரும் தர வேண்டும்; ஒவ்வொரு கட்டிலும் அது அச்சாகியிருக்க வேண்டும். சான்று பொய்யானால் வழக்கு அவர்கள் மேல் பாயும் என்று இறுதி விதியிலேயே எழுதப்பட வேண்டும்.