வூ வேற, வின் வேற!

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட். பஜ்ஜி மடித்த இங்கிலீஷ் பேப்பரை நீட்டினான், கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் போகும் தம்பி.

"அண்ணே, இந்த 'வூ'ன்னா என்ன?"

"ஒருத்தர் மனசைப் பிடிக்க முயற்சி பண்றது. அந்தக் காலத்துல பொண்ணை. இப்ப பேப்பர்ல கட்சி வோட்டரை, கவர்மென்ட் கம்பெனியை. ஆனா வூ வேற, வின் வேற. கியா கார் கம்பெனியைத் தமிழ்நாடும் 'வூ' பண்ணிச்சு. 2017-ல அது ஆந்திராவுல அனந்தப்பூருக்குப் போயிடுச்சு."

தம்பி பெருமூச்சு விட்டான். "நானும் மூணு மாசமா வூ பண்ணேண்ணே. நேத்து வேணாம்னுட்டாங்க."

"கியா போச்சுன்னு தமிழ்நாடு ஆந்திரா பார்டர்ல போய் நின்னுதா? நீயும் அவங்க ஸ்டாப்புல நிக்காதே!"

மறுநாள் தம்பி முந்தின பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டான். நல்ல பையன்!