மரம் வந்தது, மூடி வரவில்லை

தாம்பரம் மேற்கில் சண்முகம் ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடை, மளிகைக் கடை, பூஜை சாமான் கடை என்று எங்கே நுழைந்தாலும் ஒரு சின்ன பாட்டில் தைலம் கிடைக்கும். கடைக்காரர் வயது கேட்க மாட்டார், வியாதி கேட்க மாட்டார். வாங்குகிறவரும் எதுவும் கேட்க மாட்டார். 'இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது' என்ற ஒரே வாக்கியம் இரண்டு பேருக்கும் போதும்.

குழந்தைக்குச் சளியா? தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி மார்பில் தேய். மூக்கடைப்பா? தலையணையில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு. பல்வலியா? கிராம்பு எண்ணெய். இது சேலையூர், குரோம்பேட்டை பாட்டிகளின் வைத்தியம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் அபார்ட்மென்ட்களில் இதுவே இங்கிலீஷ் பேசுகிறது. லாவண்டர், டீ ட்ரீ, பெப்பர்மின்ட், கூடவே புகை விட ஒரு டிஃப்யூசர். ஏசி போட்டு மூடிய அறையில், தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை. பாட்டிலில் 'தெரப்யூட்டிக் கிரேடு' என்று தங்க எழுத்து. அப்படி ஒரு தரத்தைக் கொடுக்கிற அரசு அமைப்பு உலகத்தில் எங்கேயும் கிடையாது. விற்கிறவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மார்க் அது.

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் தெரியாது, கணக்கு தெரியும். அதனால் கணக்கிலேயே பேசுகிறேன்.

நூறு கிலோ யூகலிப்டஸ் இலையை ஆவியில் வடித்தால் ஏறக்குறைய ஒன்று, இரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். அப்படியென்றால் ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குள் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை இலை சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. பாட்டி கஷாயத்தில் போட்டது ஒரு பிடி இலை. நாம் கையில் வைத்திருப்பது ஒரு கிளையின் சாறு. 'இலை நல்லது, அதனால் எண்ணெயும் நல்லது' என்பது, பத்து ரூபாய் கடனும் பத்து லட்ச ரூபாய் கடனும் கடன்தானே என்று சொல்வது மாதிரி.

இங்கே நம்மை ஏமாற்றுவது ஒரு சொல். தைலம். இந்தச் சொல்லே எள்ளிலிருந்து வந்தது. வடமொழியில் திலம் என்றால் எள். நல்லெண்ணெயில் மூலிகைகளைப் போட்டுப் பக்குவமாகக் காய்ச்சினால் அது தைலம். பெரும்பங்கு எண்ணெய், கொஞ்சம் மருந்து. நீலகிரித் தைலம் அப்படியில்லை. அதில் நல்லெண்ணெயும் இல்லை, தேங்காய் எண்ணெயும் இல்லை. முழுக்க முழுக்க வடித்தெடுத்த சாரம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தோம். பழைய தைலம் பல தலைமுறையாகச் சம்பாதித்த நம்பிக்கையை இந்தப் புதுத் தைலம் செலவு செய்துகொண்டிருக்கிறது.

ஆமாம், புதுத் தைலம்தான். 'நம்ம முன்னோர் வைத்தியம் சார்' என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு தகவல். யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். நீலகிரிக்கு அது வந்தது 1843-ல், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது. அகத்தியரும் போகரும் அந்த மரத்தைப் பார்த்திருக்க வழியில்லை. டீ ட்ரீயும் ஆஸ்திரேலியா. லாவண்டர் ஐரோப்பா. சித்தர்கள் மேல் பழி போடாதீர்கள், பாவம்.

சரி, அப்படி என்னதான் ஆகிவிடும்? சூடத்தையே எடுத்துக்கொள்வோம். கற்பூரம் மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கக்கூடிய பொருள். ஒரு கிராம் வயிற்றுக்குள் போய்ச் சின்னக் குழந்தை இறந்ததாக மருத்துவ நூல்களில் பதிவு இருக்கிறது. இருபது சதவிகிதக் கற்பூர எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து மில்லி. அதில் ஒரு கிராம் கற்பூரம் வந்துவிடுகிறது. நம் பூஜை அலமாரியில் இருக்கிற நூறு கிராம் பாக்கெட்டில் அப்படி நூறு ஒரு கிராம். வெள்ளையாக, கல்கண்டு மாதிரி, தவழ்கிற குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில். கடைகளில் விற்கிற சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாராவது. 'இயற்கை' என்ற சமாதானம் அதற்குப் பொருந்தவே பொருந்தாது.

யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தை மயக்கத்தில் விழலாம். கிராம்பு எண்ணெய் அந்த அளவுக்குப் போனால் கல்லீரலைப் பதம் பார்க்கும். மூட்டுவலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், சுமார் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். மென்தால் கலந்த களிம்பைக் கைக்குழந்தையின் மூக்கில் தடவினால் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோகலாம்.

'குடிச்சாத்தானே ஆபத்து? நாங்க தேய்க்கத்தானே செய்யறோம்' என்பீர்கள். தென்னிந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் நரம்பியல் மருத்துவர்கள் நான்கு வருடம் ஒரு ஆய்வு நடத்தி, 2021-ல் வெளியிட்டார்கள். வலிப்போடு வந்த பெரியவர்கள் 350 பேரை விசாரித்தார்கள். 55 பேரின் வலிப்புக்குச் சற்று முன்னால் ஒரு வாசனை எண்ணெய் இருந்தது. குடித்தவர்கள் மட்டுமில்லை; தேய்த்தவர்கள், முகர்ந்தவர்களும் அதில் உண்டு. முக்கியமாகச் சிக்கியவை யூகலிப்டஸும் கற்பூரமும். அந்த 55 பேரில் 22 பேருக்கு அதற்கு முன் வலிப்பு நோயே கிடையாது. தைலம் தேய்த்த எல்லோருக்கும் வலிப்பு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வலிப்பு வந்தவரிடம் 'தைலம் ஏதாவது தேய்த்தீர்களா' என்று கேட்காமல் விடுவது தப்பு என்று அர்த்தம்.

2021 ஏப்ரல், மே மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாவது அலை. ஆக்ஸிஜனுக்கு ஊரே அலைந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் வந்தது. சூடம், கிராம்பு, ஓமம், சில சொட்டு நீலகிரித் தைலம் எல்லாவற்றையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்ஸிஜன் அளவு ஏறுமாம். ஒரு புள்ளிகூட ஏறாது. இந்த வாசனைகள் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைச் சீண்டுகின்றன. அதனால் மூச்சு தாராளமாகப் போவது மாதிரி ஒரு நினைப்பு. அடைப்பு அப்படியே இருக்கும். நோயாளி தேறிவிட்டதாக வீடு நினைத்துக்கொண்டிருக்கும்போது நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தைலத்தின் இன்னொரு ஆபத்து இது. விஷமாவது மட்டுமில்லை, டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவும் வைக்கிறது.

2025 ஜூலையில் சென்னையில் ஒரு எட்டு மாதக் குழந்தை இறந்தது. சளிக்கு வீட்டில் களிம்பும் கற்பூரமும் தடவியிருந்தார்கள் என்று செய்தி வந்தது. சாவுக்குக் காரணம் தைலமா, நோயா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வராது. அவர்கள் செய்தது நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். என் கேள்வி வேறு. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, நம் தெருக் கடையில் ஒரு பாட்டிலின் லேபிளாவது மாறியதா?

'நாங்கள்லாம் வளரலையா தம்பி? எங்க அம்மா இதைத்தானே தேய்ச்சாங்க' என்று பாட்டிகள் கேட்பார்கள். வளர்ந்தீர்கள் பாட்டி, சந்தோஷம். ஹெல்மெட் போடாமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் வந்தவர்கள்கூட, 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்றுதான் சொல்வார்கள். ஆனவர்கள் வந்து சொல்ல முடியாதே!

உடனே, 'இவன் சித்த மருத்துவத்துக்கு எதிரி' என்று கடிதம் எழுத உட்காராதீர்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எலெக்ட்ரிக் டிரெயினில் போய் இறங்கலாம். அங்கே படித்த மருத்துவர் உங்களைப் பார்ப்பார், வயதைக் கேட்பார், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பார். அது மருத்துவம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி உள்ள ஊரில், அளவே போடாத பாட்டிலை விற்பது மருத்துவமில்லை, வெறும் வியாபாரம். அலோபதியோ, சித்தாவோ, அளவில்லாத மருந்து மருந்தில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1980-களிலேயே கற்பூர எண்ணெய் விற்பனைக்குத் தடை போட்டார்கள். தேய்க்கும் மருந்துகளில் கற்பூரம் பதினோரு சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் எண்ணெய்க்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி கட்டாயம். அந்த மரம் பிறந்த மண்ணே அதற்குப் பயந்து பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. நாம் மரத்தை மட்டும் கொண்டுவந்தோம். மூடியைக் கொண்டுவரவில்லை.

நான் தடை கேட்கவில்லை. நாலே விஷயம் கேட்கிறேன். என்ன பொருள், எத்தனை சதவிகிதம் என்று லேபிளில் தமிழில் எழுதுங்கள். எந்த வயதுக்குக் கீழே கூடாது என்று எழுதுங்கள். 'உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்' என்று கண்ணில் படுகிற மாதிரி எழுதுங்கள். குழந்தை திறக்க முடியாத மூடி போடுங்கள். மூடிக்கு ஆகிற செலவு, ஒரு ராத்திரி ஐ.சி.யு. செலவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அரசாங்கம் செய்கிறவரை நாம் செய்யக்கூடியது: தைல பாட்டிலும் சூடப் பாக்கெட்டும் இன்றைக்கே மேல் அலமாரிக்குப் போகட்டும். இரண்டு வயதுக்குக் கீழே தைலம் வேண்டவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கற்பூரம் போயிருந்தால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். 'பார்க்கலாம்' என்று உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டில்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. காலண்டரில் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை கடைக்காரர் 'இயற்கை சார், ஒண்ணும் பண்ணாது' என்றால், ஒரே கேள்வி கேளுங்கள். ஒன்றுமே பண்ணாது என்றால், வியாதியை மட்டும் எப்படிக் குணப்படுத்தும்?