மறுப்பும் மரியாதையாக இருக்கட்டும்: விற்பனை அழைப்புகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

விற்பனைக்காகத் தொலைபேசியில் அழைப்பவரிடம் மரியாதை குறையாமல் பேச வேண்டும். விதியை மீறி அழைக்க வைத்த நிறுவனத்தின் மீது தயங்காமல் புகார் தர வேண்டும். நுகர்வோர் அமைப்பு என்ற முறையில் இந்த இரண்டையும் சேர்த்தே வலியுறுத்துகிறோம்.

கேட்காத கடனுக்கும் மனைக்கும் கிரெடிட் கார்டுக்கும் நாளெல்லாம் போன் வந்தால் கோபம் வரத்தான் செய்யும். அதை யாரிடம் காட்டுகிறோம் என்பதே கேள்வி. எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் ‘டெலிகாலர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவர். உங்கள் எண்ணை அவர் தேடிப் பிடிக்கவில்லை. பல மையங்களில் கணினியே எண்களை வரிசையாக அழைத்து, யார் எடுக்கிறார்களோ அவர்களை இவருக்கு இணைக்கிறது. எண் பட்டியலைத் திரட்டியவரும் டார்கெட் வைத்தவரும் அந்த இணைப்பில் இல்லை. நம் வசவு அவர்களை எட்டாது, புகார் எட்டும்.

டெலிகாலர்களில் பெண்கள் ஏராளம். பெயர், ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பதும், வேண்டுமென்றே பேச்சை இழுப்பதும், ஆபாசமாகப் பேசுவதும் சிலருக்குப் பொழுதுபோக்காக இருக்கிறது. கூப்பிட்டது அவர்தானே என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கில் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவின்படி குற்றம். வேலை நிமித்தம் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பெண் ஊழியரைக் காப்பது நிர்வாகத்தின் கடமை என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013.

இணக்கமாகப் பேசினால் மறுபடியும் கூப்பிடுவார்களே என்று சிலர் கேட்கிறார்கள். மறுபடியும் கூப்பிட வைப்பது மரியாதை அல்ல, மழுப்பல். “இப்ப வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க” என்று தப்பித்துக்கொண்டால் அது மறு அழைப்புப் பட்டியலில் ஏறிவிடும். “வேண்டாங்க, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, நன்றி” என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அவருடைய நேரமும் மிஞ்சும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகும் வற்புறுத்தினால் இணைப்பைத் துண்டிப்பதில் தவறில்லை.

மோசடி அழைப்புக்கு இந்த மரியாதை பொருந்தாது. ஓடிபி கேட்பவரிடமும், போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டுபவரிடமும் ஒரு சொல்கூடப் பேசாமல் துண்டியுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

விற்பனை அழைப்புகளைத் தடுக்க, 1909 என்ற எண் வழியாகவோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (‘தொந்தரவு செய்யாதீர்’) செயலியிலோ உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால், அந்த எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு ஏழு நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். பதிவு செய்யாத விற்பனையாளர்கள் மீது புகார் தர, நீங்கள் டிஎன்டியில் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் டிராய் விதிகளில் 2025 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் இல்லை. மீறல் உறுதியானால் முதல் முறை அந்த விற்பனையாளரின் வெளி அழைப்பு வசதி 15 நாட்களுக்கு நிறுத்தப்படும். தொடர்ந்தால் இணைப்புகள் அனைத்தும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். பத்து நிமிடம் சண்டை போடுவதைவிட இது பலன் தரும்.

நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பவை:

1. ஒருவர் ‘கூப்பிடாதீர்கள்’ என்றால் அந்த எண்ணை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கும் வசதி டெலிகாலரின் திரையிலேயே இருக்க வேண்டும்.

2. கிரெடிட் கார்டு விற்பனைக்குக் காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரைதான் அழைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரையறுத்திருக்கிறது. மற்ற விற்பனை அழைப்புகளுக்கும் இதே நேரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

3. ஆபாசமாகவோ மிரட்டலாகவோ பேசுபவரின் இணைப்பை, மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் துண்டிக்கும் உரிமை டெலிகாலருக்கு வேண்டும்.

4. அப்படித் துண்டித்ததற்காகவோ, மறுத்தவரை மேலும் வற்புறுத்தாமல் விட்டதற்காகவோ, ஊழியரின் சம்பளத்திலோ ஊக்கத்தொகையிலோ கைவைக்கக் கூடாது.

கடைசிக் கோரிக்கையை நிறுவனங்கள் ஏற்காதவரை மற்ற மூன்றும் காகிதத்தில்தான் இருக்கும். வற்புறுத்தினால்தான் சம்பளம் என்ற நிலையில் இருப்பவர், நாம் எவ்வளவு பணிவாக மறுத்தாலும் வற்புறுத்தத்தான் செய்வார்.