ஊசி முனையும் சதுப்பு நிலமும்

மேடவாக்கத்தை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக் குப்பைக்கிடங்காக இருந்து வந்தது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆஸ்துமா உடையோர்க்குக் குப்பை என்பது ஊர் அழகைப் பற்றிய பேச்சன்று, மூச்சைப் பற்றியது.

குப்பையைப் புதைப்பதா, உரமாக்குவதா, எரிப்பதா என்று முடிவு செய்யுமுன் வல்லுநர்கள் கணினியில் மாதிரி அமைத்துப் பார்க்கின்றனர். ஒரு டன் குப்பை வீட்டு வாசலிலிருந்து இறுதி இடம் சேரும்வரை எவ்வளவு டீசல் செலவாகும், எவ்வளவு கழிவுநீர் நிலத்தில் ஊறும், எவ்வளவு மீத்தேன் எழும் என்று அது கணக்கிடும். உணவுக் கழிவு காற்றுப் புகாமல் அழுகும்போது பிறக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. கிடங்கில் தீ பரவுவதற்கும் துணைபோவது.

எவ்வழியைத் தேர்ந்தாலும் கணக்கின் விடை ஒன்றைப் பொறுத்தே அமைகிறது: குப்பை பிரித்துத் தரப்படுகிறதா? கலந்த குப்பையிலிருந்து நல்ல உரம் கிடைப்பதில்லை. ஈரக் குப்பை சரிவர எரிவதுமில்லை. ஆகவே எந்திரங்களைப் பற்றி வாதிடுமுன் நம் வீடுகளைக் கவனித்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

மருத்துவமனைக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறவாரியாகப் பிரிப்பதை 2016ஆம் ஆண்டின் விதிகள் கட்டாயமாக்கின. ஆனால் சிகிச்சை இன்று வீட்டிலும் தொடர்கிறது. இன்சுலின் ஊசி, புண்ணுக்குக் கட்டிய துணி, காலாவதியான மாத்திரை ஆகியவை பல வீடுகளில் காய்கறித் தோலோடு சேர்ந்தே வெளியேறுகின்றன. அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவு என வகுத்துத் தனியே தரச் சொல்லின. தூய்மைப் பணியாளரின் விரலில் குத்தும் ஓர் ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியன தொற்றக்கூடும். நம் உயிரைக் காக்கும் ஊசி பிறர் உயிருக்கு ஊறு செய்தல் தகுமோ?

ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, மேலே எழுதித் தனியே ஒப்படையுங்கள். டயாப்பரைத் தாளில் சுற்றித் தாருங்கள்.

எனினும் பொறுப்பு முழுவதையும் நோயாளர் மீதே சுமத்துவது நேர்மையன்று. பிரித்தவற்றை ஒப்படைக்க இடம் வேண்டும். மருத்துவமனைகளும் மருந்தகங்களும் வீட்டு ஊசிகளைத் திரும்பப் பெறுதல் வேண்டும். குப்பை வண்டியில் அவற்றுக்கெனத் தனிப்பெட்டி வேண்டும். பிரித்துத் தந்ததை வண்டியிலேயே மீண்டும் கலந்தால், எத்துணைச் சிறந்த மாதிரியும் தாளோடு நின்றுவிடும்.